வெளியேறுகிறவர்களின் கல்வி

'சொந்தக் காலில் நிற்பது' என்ற தொடரை நாம் அதிகம் யோசிக்காமல் உபயோகிக்கிறோம். வேலை கிடைத்த மகனைப் பற்றியும், தனிக்குடித்தனம் போன தம்பியைப் பற்றியும், கடனை அடைத்துவிட்ட நண்பனைப் பற்றியும் ஒரே மாதிரி சொல்லிவிட முடிகிற வார்த்தை அது. ஆனால் நம்மில் யார் அப்படி நின்றவர்? முதல் சம்பளம் வரும்வரை அப்பா வீட்டில் சாப்பிட்டோம். வேலை போனபோது அக்கா வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். கல்யாணம், பிரசவம், ஆபரேஷன் என்று ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டோம். எல்லாம் ஒருவாறு நிலைப்பட்ட பிறகு, பிடித்துக்கொண்ட தோள்களை மறந்துவிட்டுக் கால்களைப் பற்றி மட்டும் பேசுகிறோம். இது ஒரு சின்னப் பொய். பெரும்பாலோர் விஷயத்தில் தீங்கற்ற பொய்யும்கூட. ஒரு சாரார் விஷயத்தில் மட்டும் இந்தப் பொய்க்குத் தேதி குறிக்கப்பட்டு, அது அவர்கள்மேல் அமல் செய்யப்படுகிறது. குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, 18 வயது நிறைந்ததும் வெளியேறுகிறவர்களைச் சொல்கிறேன்.

இவர்களை 'அநாதைகள்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். நாதன் இல்லாதவன் அநாதன். யாராவது ஒருவருக்கு உடைமையாக இருப்பதுதான் இயல்பு என்கிற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உண்மையில் இல்லங்களில் வளரும் குழந்தைகள் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். வறுமை, குடி, மறுமணம், சிறை, மனநோய் இவற்றில் ஏதோ ஒன்று அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. 18 வயது முடியும்வரை சட்டத்தின் கண்ணில் அவன் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. அடுத்த நாள் காலையில் அவன் பெரியவன். நடுவில் ஒரு இரவுதான். அந்த இரவில் அவனுக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படும் மாறுதலை எந்தத் தத்துவமும் விளக்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

சட்டத்துக்கும் இது உறுத்தாமல் இல்லை. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015இன் 46வது பிரிவு, 18 வயது முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவருக்குப் பண உதவி 'அளிக்கப்படலாம்' என்கிறது. பின்பராமரிப்பு என்பதை 21 வயதுவரைக்கும் உரியதாக வரையறுக்கிறது. 2016இன் மாதிரி விதிகள், விசேஷமான சந்தர்ப்பங்களில் 23 வரை நீட்டிக்க இடம் தருகின்றன. வார்த்தைகளைப் பார்ப்பதே நமக்கு வேலையாகிவிட்டபடியால், அந்த 'லாம்' கண்ணில் படாமல் போகாது. குழந்தையை உள்ளே எடுத்துக்கொள்ளும்போது சட்டம் 'வேண்டும்' என்று பேசுகிறது; வெளியே அனுப்பும்போது 'லாம்' என்று குரல் தாழ்ந்துவிடுகிறது. 2022இல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல் இந்த உதவியை மாதம் 4000 ரூபாய் என்று வகுத்தது. தொகையை நான் ஏளனம் செய்யவில்லை. கையில் ஒன்றுமில்லாதவனுக்கு 4000 ரூபாய் என்னவென்று, மாதக் கடைசியில் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். ஆனால் வத்ஸம் என்றால் கன்று. பசு தன் கன்றிடம் கொள்கிற பரிவின் பெயரை ஒரு திட்டத்துக்கு வைத்துவிட்டு, அந்தப் பரிவு ரூபாய்க் கணக்கில் முடிந்துபோகும் என்று நினைப்பதில் ஏதோ கோளாறு இருக்கிறது.

இல்லம் என்ற ஸ்தாபனம் என்ன கற்றுத்தருகிறது என்று பார்க்கலாம். மணி அடித்தால் எழுந்திருக்க, வரிசையில் நிற்க, அனுமதி கேட்க. இவற்றோடு இன்னொன்றும்: நன்றி சொல்ல. நம் ஊர்களில் வசதியுள்ளவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு, பெற்றோரின் திதிக்கு, இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. கேக் வெட்டுகிறார்கள், பாயசம் பரிமாறுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைகள் வரிசையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவருக்காக வாழ்த்துப் பாட்டுப் பாடிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். இதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் பதினைந்து வருஷம் மற்றவர்களின் பிறந்தநாள்களைச் சாப்பிட்டு வளர்ந்த ஒருவனுக்கு, அவனுடைய சொந்தப் பிறந்தநாள்களில் ஸ்தாபனம் நிச்சயமாக ஞாபகம் வைத்திருக்கும் ஒன்று, அவனை வெளியே அனுப்பும் அந்தப் பதினெட்டாவதுதான்.

வங்கியில் இந்தத் தேதிக்கு ஒரு சடங்கு உண்டு. மைனர் கணக்கு மேஜராகிறது. கார்டியனின் அதிகாரம் அன்றோடு முடிகிறது. புதிதாக மாதிரிக் கையெழுத்து வாங்குகிறோம், புகைப்படம் ஒட்டுகிறோம், முகவரிக்கு ஆதாரம் கேட்கிறோம். பிறகு நாமினேஷன். டெபாசிட்டுகளுக்கென்று நெடுங்காலம் புழங்கிவந்த டி.ஏ.1 படிவத்தில், நாமினியின் பெயருக்கு அருகே 'டெபாசிட்தாரருடன் உறவு, இருந்தால்' என்று ஒரு கட்டம் உண்டு. 'இருந்தால்' என்ற அந்த வார்த்தையைச் சேர்த்த சட்ட அதிகாரி மனிதர்களைப் பற்றி ஏதோ தெரிந்தவராகத்தான் இருக்கவேண்டும். மற்றவர்கள் அந்தக் கட்டத்தை ஒரு நொடியில் நிரப்பிவிட்டுப் போகிறார்கள். இல்லத்திலிருந்து வருகிறவன் பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்கிறான். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு பேர்வரை நியமிக்கலாம் என்று சட்டம் தாராளமாகியிருக்கிறது. ஒரு பெயருக்கே யோசிக்கிறவனுக்கு நான்கு இடம்.

இவர்களுக்காக யோசிக்கிறவர்கள் உடனே சொல்லும் பரிகாரம் தொழிற்கல்வி. தையல், எலெக்ட்ரிகல், கம்ப்யூட்டர், நர்ஸிங் உதவி. பெண்களுக்கென்றால் நெடுங்காலமாக இன்னும் சுருக்கமான ஒரு பரிகாரம் கைவசம் இருந்தது: கல்யாணம். ஒரு காப்பிலிருந்து இன்னொரு காப்புக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் பின்பராமரிப்பு என்கிற கேள்வியே எழாது. இப்போது இவற்றோடு 'வாழ்க்கைத் திறன்' என்ற பெயரில் வகுப்புகளும் சேர்ந்திருக்கின்றன. பஸ்ஸில் எப்படிப் போவது, பணத்தை எப்படிச் சேமிப்பது, அரிசியும் பருப்பும் என்ன விலை. பத்து வருஷம் சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்று தடுத்துவிட்டுக் கடைசி மூன்று மாதத்தில் சமையலைப் பாடமாக நடத்துகிறோம். தொழில் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், வயிறு இருக்கிறது. ஆனால் சுதந்திரம் என்பதை ஒரு திறமையாகக் கொள்வதும், அதைப் பயிற்றுவித்துச் சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்று எண்ணுவதும், பிரச்னையைத் தப்பான தளத்தில் வைப்பதாகும். வேலை தெரியாமல் போவதால் மட்டும் ஒருவன் விழுந்துவிடுவதில்லை. முதல் மாதம் முதலாளியோடு சண்டை வருகிறது, காய்ச்சல் வருகிறது, கூட இருந்தவன் அட்வான்ஸ் பணத்தோடு காணாமல் போகிறான். இவை எல்லாருக்கும் நடப்பவை. மற்றவன் இரவு பஸ் பிடித்து ஊருக்குப் போகிறான். இவனுக்கு எந்த பஸ்?

இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்ட இருவர் சென்ற நூற்றாண்டில் இருந்தார்கள். இருவரும் எழுதவும் தெரிந்தவர்களானதால், செய்தவற்றின் தடயம் நமக்குக் கிடைக்கிறது. ஒருவர் போலந்தின் யானுஷ் கோர்ச்சாக். மற்றவர் உக்ரேனின் அன்டன் மக்கரென்கோ.

கோர்ச்சாக் குழந்தை வைத்தியர். 1912இல் வார்ஸாவின் க்ரோஹ்மால்னா தெருவில் யூதக் குழந்தைகளுக்காகத் திறக்கப்பட்ட இல்லத்தை, ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்காவோடு சேர்ந்து முப்பது வருஷம் நடத்தினார். அங்கே குழந்தைகளுக்கு ஒரு கோர்ட் இருந்தது, நீதிபதிகளும் குழந்தைகளே. பெரியவர்கள்மீதும் வழக்குப் போடலாம். அரை வருஷத்தில் ஐந்து முறை தாமே அதன் முன் நின்றதாகக் கோர்ச்சாக் எழுதியிருக்கிறார். அவர் இயற்றிய சட்டத் தொகுப்பின் முதல் 99 பிரிவுகள் வழக்கைத் தள்ளுபடி செய்யவோ மன்னிக்கவோ வழி சொல்பவை. தண்டனை என்கிற சாயலே அதற்கப்புறம்தான் வருகிறது. இது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. தவறு செய்துவிட்டு, அதன் பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியும் என்பதை ஒரு குழந்தை திரும்பத் திரும்ப அனுபவிக்கும்படி ஏற்பாடு செய்தவர் அவர். குடும்பம் என்பது தன்னையறியாமல் செய்கிற காரியத்தை, பிரக்ஞையோடு ஒரு ஸ்தாபனத்தில் செய்ய முயன்றார்.

ஆனால் அங்கே வெளியேறும் வயது 14. வெளியே போகிறவர்களுக்கென்று அவர் எழுதிய பிரிவுரையில், கடவுளையோ தேசத்தையோ அன்பையோ உங்களுக்குத் தர எங்களால் முடியவில்லை, இன்றில்லாத ஒரு மேலான வாழ்வுக்கான ஏக்கத்தை மட்டும் தருகிறோம் என்ற பொருள்படச் சொல்கிறார். நேர்மையான வார்த்தைகள். அந்த நேர்மையே நம்மைத் தொந்தரவும் செய்கிறது. நியாயமான ஒரு சின்னக் குடியரசில் வளர்ந்தவன் நியாயம் இல்லாத ஒரு பெரிய தெருவில் இறங்குகிறான்; ஏக்கத்தை வைத்துக்கொண்டு அவன் அங்கே என்ன செய்வான்? கோர்ச்சாக்கிடம் இதற்கு அரைகுறையாக ஒரு பதில் இருந்தது. 'புர்ஸா' என்ற பெயரில், ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்கள் சிலர் இல்லத்திலேயே தங்கி, தங்குவதற்கு ஈடாக வேலை செய்தார்கள். அங்கேயே வளர்ந்தவர்கள் சிலரும் அவர்களில் உண்டு. கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. 1942 ஆகஸ்டில் ஏறக்குறைய 200 குழந்தைகளோடு கோர்ச்சாக்கும் வில்ச்சின்ஸ்காவும் ட்ரெப்ளிங்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவருடைய சாவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவருடைய 99 பிரிவுகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. தியாகத்தை வணங்குவது சுலபம். அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை.

மக்கரென்கோ வேறு மாதிரியான மனிதர். உள்நாட்டு யுத்தத்தில் தெருவுக்கு வந்துவிட்ட சிறுவர்களுக்காக 1920இல் பொல்த்தாவா அருகே ஒரு குடியிருப்பைத் தொடங்கினார்; பின்பு கார்க்கியின் பெயரைப் பெற்றது அது. அந்த அனுபவத்தைப் 'போதனைக் காவியம்' என்ற நாவலாக 1933க்கும் 1935க்கும் இடையே வெளியிட்டார். அதில் கரபானவ் என்கிற பழைய திருடன் வருகிறான். பட்டணத்துக்குப் போய்க் குடியிருப்பின் பணத்தை வாங்கி வரும்படி அவனையே அனுப்புகிறார், முதலில் 500 ரூபிள். கொண்டுவந்தவன் எண்ணிப் பாருங்கள் என்று கெஞ்சுகிறான். அவர் எண்ணாமல் மேஜைக்குள் போடுகிறார். அடுத்த தடவை 2000. என் தொழிலில் பணத்தை எண்ணாமல் வாங்கக்கூடாது என்பதுதான் முதல் பாடம். அதனாலேயே அந்த எண்ணாமையின் கனம் எனக்குப் புரிகிறது. மக்கரென்கோ அங்கே நம்பிக்கையைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. தன்னிடமிருந்த, இழந்தால் திரும்பிவராத ஒன்றைப் பணயம் வைத்தார். கரபானவுக்கு மூலமான செம்யோன் கலபாலின் பிற்காலத்தில் தானே குழந்தைகள் இல்லங்களை நடத்தினார்.

1927இலிருந்து கார்கிவில் அவர் பொறுப்பேற்ற கம்யூனில் பிள்ளைகள் தொழிற்சாலை வேலை செய்தார்கள். 'ஃபெட்' காமிராக்கள் அங்கே தயாரானவைதான். அவர்களுடைய கூலியில் ஒரு பங்கு பொதுநிதிக்குப் போயிற்று. அந்த நிதியிலிருந்து, கம்யூனைவிட்டுப் போய் மேல்படிப்புப் படிக்கிறவர்களுக்கு உதவித்தொகை தரப்பட்டது. உள்ளே இருக்கிறவர்கள், வெளியே போனவர்களுக்காகத் தங்கள் கூலியில் கொடுக்கிறார்கள். நாளை இவர்கள் போகும்போது வேறு சிறுவர்கள் கொடுப்பார்கள். இதில் தர்மகர்த்தா இல்லை, பயனாளி இல்லை, படம் எடுத்துக்கொள்வது இல்லை.

இவரிடமும் நமக்குச் சங்கடம் உண்டு. அந்தக் கம்யூனை நிறுவியவர்கள் ரகசியப் போலீஸ்காரர்கள். அதன் பெயரே அவர்களுடைய தலைவர் ட்ஸெர்ஷின்ஸ்கியின் பெயர். கூட்டத்தோடு கால்வைத்து நடக்க முடியாத பையன் அங்கே என்ன ஆனான் என்பதை நாவல் நமக்கு மனம் திறந்து சொல்வதில்லை. கோர்ச்சாக் தனிமனிதனைக் காப்பாற்றி, அவன் போய்ச் சேரும் உலகத்தைத் தயார் செய்ய இயலாமல் நின்றார். மக்கரென்கோ அவன் போய்ச் சேரும் இடத்தைத் தயார் செய்தார். அந்த இடம் எப்படிப்பட்டது என்ற கேள்வியைக் கேட்கவில்லை. ஆயினும் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். வெளியேறுகிறவனுக்கான கல்வி, வெளியேறுவதற்கு முந்தைய கடைசி மூன்று மாதத்தில் நடப்பதில்லை. அவன் வந்த முதல் நாளிலிருந்து, எத்தனை தவறை அங்கே மன்னித்தார்கள், எவ்வளவு பணத்தை எண்ணாமல் வாங்கினார்கள் என்பதுதான் அந்தக் கல்வி.

நம்முடைய மொழியிலேயே இதற்கு ஒரு ஆதாரம் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து கெடுத்துவிட்டோம். புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார், ஒரு பிள்ளையை ஆளாக்குவதில் யார் யாருக்கு என்ன கடன் என்று பங்கு பிரிக்கிறார். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று. கடைசியில் பிள்ளையின் பங்கு: யானையை வீழ்த்தி, மீண்டு வருவது. யானையைப் பற்றியே பேசிப் பேசி, மீண்டு வருவதைக் கவனிக்காமல் விட்டோம். திரும்பி வருவதையும் அவனுடைய கடன் என்று சொல்வதானால், திரும்ப ஓர் இடம் இருக்கிறது என்பது அங்கே சொல்லாமலே பெறப்படுகிறது. இல்லத்துக் குழந்தைக்கு அரசே தாய், அரசே தந்தை, அரசே கொல்லன், அரசே வேந்தன். நான்கு கடனையும் ஏற்றுக்கொண்ட அரசு, ஐந்தாவது வரிக்குத் தேவையான வாசலை மட்டும் வைக்க மறந்துவிட்டது. வங்கியிலும் கடன் என்று ஒரு வார்த்தை உண்டு. வாங்கினவன் கொடுக்கவேண்டியது அது. பொன்முடியாரின் கடன் வேறு, கொடுக்கிறவன்மேல் விழுவது.

பணக்கார தேசங்களில் இந்த மறதி இல்லை என்று எண்ணவேண்டாம். இங்கிலாந்தில் 2014ஆம் வருஷத்துச் சட்டம், வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தவர், இரு தரப்பும் விரும்பினால், 21 வயதுவரை அதே வீட்டில் தொடர்ந்து இருக்க வழிசெய்தது. இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சட்டம் அதே உரிமையைத் தரவில்லை. குடும்பம் என்றால் தங்கும் இடம், ஸ்தாபனம் என்றால் காலிசெய்யும் இடம் என்ற பாகுபாடு அங்கேயும் சட்டம் இயற்றுகிறவர்களின் மனசில் கேட்பாரின்றிக் கிடந்திருக்கிறது. எங்கே வளர்ந்தோமென்பதைக் குழந்தையா தேர்ந்தெடுத்தது?

மாற்றுக் கல்வி என்று பேசுகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்கவேண்டும். பள்ளிப்படிப்பு என்கிற அளவில் நம்மிடம் ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. 1989இல் தேசியத் திறந்தவெளிப் பள்ளியாகத் தொடங்கி, 2002இல் இன்றைய பெயரைப் பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், ஒருமுறை பதிவு செய்துகொண்டவருக்கு ஐந்து வருஷமும் ஒன்பது பரீட்சை வாய்ப்புகளும் தருகிறது. தேறிய பாடம் தேறியதுதான். தேறாததை மட்டும் திரும்ப எழுதலாம். கல்வித்தரம் பற்றி இதில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் தோற்கிறவன் திரும்பி வருவான் என்பதை முன்கூட்டியே எண்ணிக் கட்டப்பட்ட ஏற்பாடு அது. கோர்ச்சாக்கின் 99 பிரிவுகளுக்கு அது ஏதோ தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றுகிறது. பரீட்சைக்கு ஒன்பது தடவை தரமுடிகிற ஒரு சமூகம், வாழ்க்கைக்கு ஒரே ஒரு தடவை என்று 18 வயதுப் பையனிடம் சொல்லலாமா?

இதையே பள்ளிக்கு வெளியே விரித்துப் பார்த்தால், பெரிய தத்துவம் ஒன்றும் தேவைப்படாது. பன்னிரண்டு வயதிலேயே கையில் கொஞ்சம் பணம் கொடுக்கவேண்டும், அதை அவன் வீணாக்குவான் என்று தெரிந்தே. சமையலறையைத் திறந்துவிடவேண்டும், சோறு குழைந்துபோகும் என்று தெரிந்தே. முன்பே வெளியேறியவர்கள் ஆண்டுவிழாவில் மேடையேறும் உதாரண புருஷர்களாக இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்து படுத்துவிட்டுப் போகிற அண்ணன்களாக, அக்காக்களாக வரவேண்டும். தோற்றவர்களும் வரவேண்டும், முக்கியமாக அவர்கள். வெளியேறினவனுடைய கட்டிலில் அடுத்த நாளே வேறொரு குழந்தையைப் படுக்கவைத்தே ஆகவேண்டும் என்றால், அவனுக்காக வேறெங்காவது ஒரு பாயாவது சுருட்டி வைக்கப்பட்டிருக்கவேண்டும். அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பெரும்பாலும் அவன் அதைத் தேடி வரமாட்டான். நம் அம்மா வீட்டுப் பாய்களையும் நாம் தினமும் போய் விரிப்பதில்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அது அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. இப்படிச் செய்தால் அவர்கள் என்றைக்கும் சார்ந்தே இருப்பார்கள், ஸ்தாபனத்தின் வாசனை அவர்களைவிட்டுப் போகாது, ஏதோ ஒரு கட்டத்தில் தொப்புள்கொடியை அறுக்கத்தானே வேண்டும் என்கிறார்கள். இல்லங்களை நடத்திக் களைத்துப்போனவர்களும் இதைச் சொல்கிறார்கள்; அவர்களுடைய களைப்பு பொய்யல்ல. ஆனால் தொப்புள்கொடியை அறுத்தபின் குழந்தையை யாரும் தெருவில் வைப்பதில்லை, மார்பில் போடுகிறார்கள். திரும்ப வழி இருக்கிறவன்தான் தூரமாகப் போகிறான் என்பது கடல் கடந்து வியாபாரம் செய்த எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த விஷயம். வழி இல்லாதவன் முதலில் கிடைத்த வேலையை, முதலில் கை நீட்டிய மனிதரை, அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், பிடித்துக்கொண்டுவிடுகிறான். அதுதான் உண்மையான சார்பு. சுதந்திரம் என்று பெயர் சூட்டி அவனை அந்தச் சார்புக்குள் நாமே தள்ளுகிறோம்.

46வது பிரிவின் 'லாம்' என்றைக்காவது 'வேண்டும்' ஆகலாம். ஆகவேண்டும். அப்படி ஆனாலும் சட்டம் கொடுக்கமுடிவது பணமும் அறையும்தான். அவை இல்லாமல் மற்றது நடக்காது என்பதால் அவற்றுக்காகச் சண்டை போடவேண்டும். மிச்சம் இருப்பது மனிதர்கள் செய்யவேண்டிய காரியம். இந்தக் கல்விக்குப் பாடத்திட்டம் எழுதுவது கஷ்டமல்ல. ஒரு மாலையில் எழுதிவிடலாம். அதற்கு ஆசிரியராக வருகிறவர், பாடம் முடிந்து பல வருஷம் கழித்து, தன் மாணவன் தோற்றுப்போய்த் திரும்பிவந்து கதவைத் தட்டும் நாளில் வீட்டில் இருக்கவேண்டும். அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.